சொரசொரப்பை ஒலி எப்படி அளக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் கல்லைப் பார்க்காத குழந்தை இருக்க முடியாது. குவாரியிலிருந்து லாரியில் வரும் பாறைத் துண்டும் நமக்குப் பழக்கம், பாலிஷ் பட்டறையிலிருந்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக வெளிவரும் பலகையும் பழக்கம். ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்ற பாடத்தை நடத்த இந்த இரண்டு கற்களையும் மேசையில் வைத்தாலே போதும். பாலிஷ் போட்ட கல்லில் டார்ச் வெளிச்சம் ஒரே திசையில் திரும்புகிறது. உடைத்த கல்லில் எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. குழந்தைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

அதே வகுப்பு ஒலி பாடத்துக்கு வரும்போது ஒரு கேள்வி எழும். "சார், இந்தச் சொரசொரப்பான கல் சத்தத்தையும் இப்படித்தான் சிதறடிக்குமா?"

ஆம் என்றாலும் தவறு, இல்லை என்றாலும் தவறு. "எந்தச் சத்தத்தை?" என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில். ஒரு பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்பதை அந்தப் பரப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் மேல் வந்து விழும் அலையின் நீளமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இந்த ஒரு கருத்தை 9, 10 ஆம் வகுப்பு மாணவர்கள் அளவுகோல், பாகைமானி, வரைபடத்தாள் கொண்டு தாங்களே கண்டறிய முடியும். அந்தக் கருத்து நம் வகுப்பறைச் சுவர்களையும் புதிதாகப் பார்க்க வைக்கும்.

அலைநீளமே அளவுகோல்

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.0004 முதல் 0.0007 மி.மீ. வரை. ஆகவே தாளின் மேற்பரப்பு கூட ஒளிக்கு மேடும் பள்ளமுமான நிலம்தான். ஒலியின் கதை வேறு. காற்றில் ஒலியின் திசைவேகத்தை விநாடிக்கு 340 மீ என்று எடுத்துக்கொண்டால்,

100 ஹெர்ட்ஸ் – அலைநீளம் 340 செ.மீ.
1000 ஹெர்ட்ஸ் – 34 செ.மீ.
2000 ஹெர்ட்ஸ் – 17 செ.மீ.
4000 ஹெர்ட்ஸ் – 8.5 செ.மீ.

இந்த நான்கு வரிகளையும் மாணவர்களே கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதட்டும். 340 செ.மீ. என்பதை வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் சொல்லுங்கள். ஒரு சுவரிலிருந்து அறையின் பாதிக்கும் மேல் போய்விடும். ஒரே ஓர் அலை அவ்வளவு நீளம். அப்படிப்பட்ட அலைக்குச் சுவரில் உள்ள பூச்சின் சொரசொரப்பு எம்மாத்திரம்! கையை உரசும் சிமெண்டுப் பூச்சும் பேச்சொலிக்கு ஏறத்தாழக் கண்ணாடிதான்.

ஐந்து அம்புகள்: ஓர் எளிய மாதிரி

அலை முகப்பின் ஒவ்வொரு புள்ளியும் புதிய சிற்றலைகளைத் தோற்றுவிக்கிறது என்று 1690 இல் வெளிவந்த தம் நூலில் ஹைகென்ஸ் கூறினார். நம் மாதிரிக்கு இந்தக் கருத்தே அடிப்படை.

உடைகல் பதித்த சுவர் ஒன்றைக் கற்பனை செய்வோம். அதில் ஐந்து கற்கள். மிக முன்னால் நிற்கும் கல்லை 0 என்று கொண்டால், மற்றவை முறையே 3, 1, 4, 2 செ.மீ. உள்வாங்கியிருக்கின்றன. ஒலி சுவருக்கு நேர் எதிரிலிருந்து வந்து அதே வழியில் திரும்புகிறது.

1 செ.மீ. உள்ளே இருக்கும் கல்லில் பட்ட அலை போக 1 செ.மீ., வர 1 செ.மீ. என 2 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது. ஒரு முழு அலைநீளம் கூடுதலாகப் பயணித்தால் அலை 360 பாகை பின்தங்கும். எனவே,

பின்தங்கும் கோணம் = (2 × ஆழம் ÷ அலைநீளம்) × 360 பாகை

1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் சுமார் 21 பாகை வருகிறது. ஐந்து கற்களுக்கும் கோணங்கள் 0, 63, 21, 84, 42.

இப்போது வரைபடத்தாளில் 2 செ.மீ. நீளமுள்ள அம்பு ஒன்றைக் கிடையாக வரைய வேண்டும். அதன் முனையிலிருந்து அடுத்த அம்பை 63 பாகையில் வரைய வேண்டும். கோணங்கள் எல்லாவற்றையும் கிடைக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். இப்படி ஐந்து அம்புகளையும் ஒன்றன் முனையில் மற்றொன்றாகத் தொடர்ந்து வரைந்து, தொடக்கப் புள்ளியிலிருந்து கடைசி முனை வரையுள்ள தூரத்தை அளக்க வேண்டும். அந்தத் தூரத்தை 2 ஆல் வகுத்தால், அது எத்தனை அம்புகளுக்குச் சமம் என்று கிடைக்கும். ஐந்தும் ஒரே திசையில் இருந்தால் விடை 5. அதாவது சுவர் முற்றிலும் வழவழப்பு.

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் அதிர்வெண் கொடுங்கள். கிடைக்கும் விடைகள்:

100 ஹெர்ட்ஸ் (செ.மீ.க்கு 2 பாகை) – ஏறத்தாழ 5
1000 ஹெர்ட்ஸ் (செ.மீ.க்கு 21 பாகை) – 4.3
2000 ஹெர்ட்ஸ் (செ.மீ.க்கு 42 பாகை) – 2.7
4000 ஹெர்ட்ஸ் (செ.மீ.க்கு 85 பாகை) – 0.8

நான்கு தாள்களையும் சுவரில் அடுத்தடுத்து ஒட்டினால் பாடம் தானே பேசும். முதல் தாளில் அம்புகள் நேர்கோடு போல நீள்கின்றன. கடைசித் தாளில் சுற்றிச் சுருண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. சுவர் மாறவில்லை, கேட்ட ஒலிதான் மாறியது.

ஒலியின் ஆற்றல் வீச்சின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். ஆகவே 4000 ஹெர்ட்ஸில் நேராகத் திரும்பும் ஆற்றல் 0.8 × 0.8 ÷ 25, அதாவது சுமார் 3 விழுக்காடு மட்டுமே. மீதி 97 விழுக்காடு பக்கவாட்டுத் திசைகளில் சிதறியிருக்கிறது. 2000 ஹெர்ட்ஸில் சுமார் 70 விழுக்காடும், 1000 ஹெர்ட்ஸில் சுமார் 25 விழுக்காடும் சிதறுகின்றன. 100 ஹெர்ட்ஸில் சிதறல் இல்லை என்றே சொல்லலாம்.

இது எளிமையாக்கப்பட்ட மாதிரி என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு கல் மற்றொன்றை மறைப்பது, பள்ளத்துக்குள் ஒலி பலமுறை மோதுவது, சுவரின் ஓரங்களில் அலை வளைவது ஆகிய எதையும் இது கணக்கில் கொள்ளவில்லை. அரங்கங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் இவற்றையும் சேர்த்துக் கணினியில் கணக்கிடுகிறார்கள். ஆயினும் அவர்களின் கணக்குக்குள்ளும் கட்ட வேறுபாட்டோடு அலைகளைக் கூட்டும் இந்த வேலை இருக்கிறது.

எட்டில் ஒரு பங்கு விதி

கட்ட வேறுபாடு 90 பாகைக்குள் இருந்தால் அம்புகள் ஓரளவு ஒரே பக்கமாகவே செல்லும். 90 பாகை என்பது அலைநீளத்தில் கால் பங்கு. போக வர இரண்டு முறை என்பதால் ஆழத்தில் அது எட்டில் ஒரு பங்கு. இதைத்தான் ராலே அளவுகோல் என்கிறோம்:

பரப்பின் மேடு பள்ள வேறுபாடு, அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தால் அந்த அலைக்கு அது வழவழப்பு. அதிகமாக இருந்தால் சொரசொரப்பு.

நம் சுவரில் வேறுபாடு 4 செ.மீ. எட்டால் பெருக்கினால் 32 செ.மீ. அந்த அலைநீளத்துக்குரிய அதிர்வெண் சுமார் 1060 ஹெர்ட்ஸ். அம்புகள் சொன்னதும் இதைத்தான். 1000 வரை நன்றாகத் திரும்பிய ஒலி, அதற்கு மேல் வேகமாகச் சிதறத் தொடங்கியது.

ஒலி சாய்வாக வந்து விழுந்தால் ஆழத்தைப் படுகோணத்தின் கொசைன் மதிப்பால் பெருக்கிக்கொள்ள வேண்டும். படுகோணம் கூடக் கூடக் கொசைன் குறையும், பரப்பு வழவழப்பாகிக்கொண்டே போகும். மாலை வெயிலில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையின் தார் தூரத்தில் மினுமினுப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். காலடியில் கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கும் அதே சாலை சாய்ந்த ஒளிக்குப் பளபளக்கிறது. முக்கோணவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

10 ஆம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் வரும் ராலே சிதறலும் இதே ராலே பிரபுவின் பெயரால் அமைந்தது. 1877–78 இல் ஒலிக் கோட்பாடு பற்றி இரு தொகுதிகள் எழுதிய அவர், 1904 இல் நோபல் பரிசு பெற்றார். வானத்தின் நீலத்தை விளக்கும் ராலே சிதறல் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களைப் பற்றியது. இங்கே நாம் பேசும் அளவுகோல் பரப்புகளைப் பற்றியது. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இதே விதி

கிருஷ்ணகிரியைச் சுற்றிய மலைகளில் இரண்டு வகைச் சரிவுகளைக் காணலாம். ஒன்று ஒரே பாறையாகச் செங்குத்தாக நிற்பது, மற்றொன்று உருண்டைப் பாறைகள் குவிந்து கிடப்பது. உரத்துக் கூப்பிடும் குரலில் 500 ஹெர்ட்ஸ் பகுதியை எடுத்துக்கொண்டால் அலைநீளம் 68 செ.மீ., அதில் எட்டில் ஒரு பங்கு 8.5 செ.மீ. செங்குத்துப் பாறையின் மேடு பள்ளம் அதற்குள் இருந்தால் எதிரொலி தெளிவாகத் திரும்பும். பாறைக் குவியலிலோ மேடு பள்ளம் மீட்டர் கணக்கில் இருக்கிறது. ஒலி சிதறி, ஒவ்வொரு பாறையிலிருந்தும் வெவ்வேறு நேரத்தில் வந்து, கலங்கிய முழக்கமாகக் கேட்கும்.

ஓசூர் சிப்காட் பகுதியில் வேலை செய்யும் பெற்றோர் சிலருக்கு அல்ட்ராசோனிக் சோதனை தெரிந்திருக்கும். எஃகில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5900 மீ. சோதனைக் கருவியின் அதிர்வெண் 50 லட்சம் ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1.2 மி.மீ., எட்டில் ஒரு பங்கு 0.15 மி.மீ. நம் வகுப்பறையில் வழவழப்பு என்று சொல்லக்கூடிய பரப்பு அங்கே சொரசொரப்பாகிவிடுகிறது. வார்ப்பின் மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக்கிவிட்டு, ஜெல் தடவிச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் மீயொலி உணரி இருக்கும். அதன் அதிர்வெண் 40,000 ஹெர்ட்ஸ், அலைநீளம் 8.5 மி.மீ. எட்டில் ஒரு பங்கு ஏறக்குறைய 1 மி.மீ. பாலிஷ் போட்ட கல்லை உணரியிலிருந்து 50 செ.மீ. தொலைவில் நேராக நிறுத்தினால் தூரத்தைச் சரியாகக் காட்டும். கல்லை 45 பாகை திருப்பினால் அலை வேறு பக்கம் போய்விடும். உணரி தூரத்தைக் காட்டாது, அல்லது தவறாகக் காட்டும். அதே இடத்தில் உடைந்த முகமுள்ள கல்லை அதே கோணத்தில் வைத்தால், சிதறிய அலையில் ஒரு பகுதி உணரிக்குத் திரும்பும். தூரம் பெரும்பாலும் மீண்டும் தெரியும். சிதறல் என்பது இழப்பு மட்டுமல்ல என்பதை மாணவர்கள் இங்கே உணர்வார்கள்.

சிதறல் வேறு, உட்கவர்தல் வேறு

இந்தப் பாடம் நம் வகுப்பறைக்குள் நுழையும் இடம் இது. எல்லைப் பகுதிப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குழந்தைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து தமிழில் படிக்கிறார்கள். தொழிற்சாலை வேலைக்காக வந்த குடும்பங்களின் இந்தி, ஒடியா பேசும் குழந்தைகளும் உண்டு. பேச்சில் உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் குறைந்த அதிர்வெண்களிலும், மெய்யொலிகளை வேறுபடுத்தும் குறிப்புகள் பெரும்பாலும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியிலும் இருக்கின்றன. பள்ளி, பல்லி, கரை, கறை, மனம், மணம். எதிர்முழக்கம் மிகுந்த அறையில் முந்தைய எழுத்தின் ஒலி அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடுகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை மங்கிய ஒலியைத் தன் பழக்கத்தால் நிரப்பிக்கொள்ளும். மொழியை இப்போதுதான் கற்கும் குழந்தையால் அப்படி நிரப்பிக்கொள்ள முடியாது. நாம் கவனக்குறைவு என்று நினைப்பது சில நேரங்களில் காதுக்குத் தெளிவாக எட்டாத குறையாக இருக்கலாம்.

சுவரைச் சொரசொரப்பாக்கினால் இது சரியாகுமா? ஓரளவுக்குத்தான். சிதறல் ஒலியைத் திசை மாற்றுகிறது, ஆனால் ஒலி அறைக்குள்ளேயே இருக்கிறது. அதை அறையிலிருந்து நீக்குவது உட்கவர்தல். 1895 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையில், பேசி முடித்த பிறகும் குரல் ஐந்து விநாடிக்கு மேல் தங்கி நின்றது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட வாய்பாடு:

எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உட்கவர் பரப்பு

6 மீ நீளம், 6 மீ அகலம், 3 மீ உயரம் உள்ள அறையின் கன அளவு 108 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 144 சதுர மீட்டர். சிமெண்டுப் பரப்பு ஒலியில் தோராயமாக 3 விழுக்காட்டையே உட்கவரும் என்றால் உட்கவர் பரப்பு 4.3. சன்னல்களை மூடிய காலி அறையில் எதிர்முழக்க நேரம் சுமார் 4 விநாடி. 4 சதுர மீட்டர் சன்னலைத் திறந்தால், அதன் வழியே போன ஒலி திரும்பாது என்பதால் 4 கூடும், நேரம் 2.1 விநாடியாகும். 30 குழந்தைகள் அமர்ந்தால், ஒருவருக்குத் தோராயமாக 0.3 வீதம் 9 கூடும், நேரம் 1 விநாடியாகும். இந்த அளவுள்ள வகுப்பறைக்கு 0.6 விநாடிக்கு மேல் கூடாது என்பது அமெரிக்கப் பள்ளிகளுக்கான தர அளவு. மாணவர்கள் தங்கள் வகுப்பறையை அளந்து இதே கணக்கைச் செய்யட்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. காலி அறையின் நடுவில் ஒருமுறை கை தட்டுங்கள். 6 மீ இடைவெளியுள்ள எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்வர 0.035 விநாடி ஆகும். எனவே விநாடிக்கு 28 முறை போய்வந்து "டர்ர்" என்று கேட்கும். இது கேட்டால் இணைச் சுவர்கள்தான் காரணம்.

2. வாசிப்பு மூலையின் புத்தக அலமாரியை அந்தச் சுவர்களில் ஒன்றில் வையுங்கள். புத்தகங்கள் 15 செ.மீ. வரை முன்னும் பின்னுமாக இருந்தால் எட்டால் பெருக்கி 120 செ.மீ., அதாவது சுமார் 280 ஹெர்ட்ஸுக்கு மேல் அது சொரசொரப்பான சுவர். இனி அந்தச் சுவரிலிருந்து "டர்ர்" ஒலி பெரிதும் குறையும்.

3. பின் சுவரில் துணி ஒட்டிய காட்சிப் பலகை, பைகள் தொங்கவிடும் ஆணி வரிசை, தரையில் ஜமக்காளம் ஆகியவை உட்கவரும் பரப்பைக் கூட்டும். துணியைச் சுவரிலிருந்து சிறிது தள்ளித் தொங்கவிட்டால் பலன் அதிகம்.

4. முட்டை அட்டைகளை ஒட்டுவது பரவலான நம்பிக்கை. அதன் ஆழம் 4 செ.மீ. என்றால் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் சிதறடிக்கும். மெல்லிய அட்டை என்பதால் உட்கவர்வதும் குறைவு. எளிதில் தீப்பற்றும் என்பதால் வகுப்பறைக்கு வேண்டாம்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கணக்கிட்ட தாள்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே விளக்கினால் தேவையானவை எளிதாகக் கிடைக்கும்.

தொடக்க வகுப்புகளுக்கு

சிறு குழந்தைகளுக்குக் கோணமும் வாய்பாடும் வேண்டாம். பந்து போதும். சமமான சுவரில் சிறிய ரப்பர் பந்தை எறிந்தால் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிடலாம். கற்கள் துருத்திய சுவரில் எறிந்தால் சொல்ல முடியாது. அதே சுவரில் பெரிய கால்பந்தை உருட்டினால் அது சிறு கற்களைப் பொருட்படுத்தாமல் திரும்பிவிடும். "சின்னப் பந்துக்குக் குண்டும் குழியும், பெரிய பந்துக்குச் சமதரை" என்று குழந்தைகளே சொல்வார்கள். பிறகு காலி அறை, பைகளும் துணியும் நிறைந்த அறை இரண்டிலும் கை தட்டி, எங்கே ஒலி நெடுநேரம் நிற்கிறது என்று கேட்கச் செய்யுங்கள்.

கணக்கு ஆசிரியருக்கு ஒரு விருந்து

எப்படிப்பட்ட மேடு பள்ளம் ஒலியை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும்? 1970களில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் இதற்கு எண்கணிதத்தில் விடை கண்டார். 0 முதல் 6 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை 7 ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 0, 1, 4, 2, 2, 4, 1. ஒரு மீதிக்கு 2.5 செ.மீ. வீதம் ஆழம் வைத்தால் 0, 2.5, 10, 5, 5, 10, 2.5 செ.மீ. அலைநீளம் 35 செ.மீ. ஆக உள்ள ஒலிக்கு ஏழு அம்புகளை வரைந்து பாருங்கள். கூடுதலின் நீளம் 7 இன் வர்க்கமூலம், அதாவது 2.65 வரும். நேராகத் திரும்பும் ஆற்றல் சரியாக ஏழில் ஒரு பங்கு. 10 ஆம் வகுப்பு மட்டு எண்கணிதம் எதற்கு என்று கேட்கும் மாணவரிடம் இந்தத் தாளைக் கொடுக்கலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. தகரக் கூரையின் நெளிவு 2 செ.மீ. ஆழம். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் அது ஒலிக்குச் சொரசொரப்பு? (விடை: சுமார் 2125 ஹெர்ட்ஸ்)

2. மேலே கண்ட உடைகல் சுவரில் ஒலி 60 பாகை படுகோணத்தில் விழுந்தால், சொரசொரப்பாகத் தொடங்கும் அதிர்வெண் என்ன? (விடை: இரு மடங்கு, சுமார் 2120 ஹெர்ட்ஸ்)

3. புத்தக அலமாரி, ஜமக்காளம் ஆகிய இரண்டில் எது எதிர்முழக்க நேரத்தை அதிகம் குறைக்கும்? மற்றது என்ன செய்யும்?

4. உங்கள் வகுப்பறையின் எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிட்டு, அதைக் குறைக்க ஒரு திட்டம் எழுதுக.

நான்காவது வினாவுக்கு மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், சிறந்த திட்டம் ஒன்றை அந்த வகுப்பறையிலேயே செய்து பாருங்கள். அதற்கு முன்பும் பின்பும் கடைசிப் பெஞ்சுக் குழந்தைகளுக்குச் சொல்வதெழுதுதல் வையுங்கள். பள்ளியா பல்லியா என்பதை அவர்களின் தாளில் நீங்களே பார்க்கலாம்.